அடி வாங்குபவரைப் பாருங்கள்: தொழில்முறை மல்யுத்தத்தை ரசிக்க ஒரு வழிகாட்டி

தொழில்முறை மல்யுத்தத்தைப் புதிதாகப் பார்க்க உட்காருபவர்களின் கண் அடிப்பவரின் மேல்தான் போய் நிற்கும். மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பாய்பவர், எதிராளியைத் தலைக்கு மேல் தூக்குபவர், நெஞ்சில் ஓங்கி அறைபவர் ஆகியோரைத்தான் கேமராவும் பெரும்பாலும் துரத்துகிறது. ஆயினும், ஓர் ஆட்டம் நல்ல ஆட்டமா, வெறும் சாகசக் காட்சியா என்பதை முடிவு செய்பவர் அடி வாங்குபவரே. அவர் எப்படி விழுகிறார், விழுந்தபின் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு எழுகிறார், எழும்போது எந்தக் கையை ஊன்றாமல் தவிர்க்கிறார், பத்து நிமிடங்களுக்கு முன் வாங்கிய அடியை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறாரா என்பவற்றை மட்டும் ஒரு முழு ஆட்டம் நெடுகக் கவனித்துப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் இனி வருபவை பெரும்பாலும் அந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைப்பவைதாம்.

அதற்குமுன் ஒரு தடையை நீக்கிவிட வேண்டும். "எல்லாம் பேசி வைத்த ஆட்டம்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று காப்பிக்கடை மேசையில் யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார். வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பது உண்மைதான். அது இன்று ரகசியமும் அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட விரும்பிய டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனம், தன் ஆட்டங்கள் பொழுதுபோக்கே என்று 1989ஆம் ஆண்டிலேயே அந்த மாநிலத்தின் சட்டமன்றத்திடம் ஒப்புக்கொண்டுவிட்டது. சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்பாக மகாபாரத நிகழ்வுகள் நடத்திக் காட்டப்படும்போது, பக்தி ஒருபுறமிருக்க, இந்த ஆண்டாவது துரியோதனன் பிழைத்துக்கொள்வானோ என்ற சந்தேகத்தில் யாரும் அங்கே நிற்பதில்லை. தெரிந்த முடிவை நோக்கிக் கதை எப்படி நகர்கிறது என்பதைக் காணத்தான் நிற்கிறார்கள். மல்யுத்தத்தில் முடிவு ஆடுபவர்களுக்கு மட்டுமே தெரியும், நமக்குத் தெரியாது என்பதால் நமக்குக் கிடைக்கும் சுவை இன்னும் கூடுதல். மேலும், முடிவைப் பேசி வைக்கலாம். புவியீர்ப்பைப் பேசி வைக்க முடியாது.

இந்தச் சுவை நம் ஊருக்குப் புதியதும் அல்ல. கேளிக்கைப் பூங்காக்கள் செழித்திருந்த காலத்தில் கிரேட் வோர்ல்டிலும் ஹேப்பி வோர்ல்டிலும் மல்யுத்த ஆட்டங்கள் கூட்டம் கூட்டமாக மக்களை இழுத்தன. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் அனுமனாக நடித்து வீட்டுக்கு வீடு அறிமுகமான தாரா சிங், 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தப் பயிற்சி பெற்றவர். அவருடைய புகழ்பெற்ற எதிராளியான கிங் காங் சிங்கப்பூரையே இருப்பிடமாகக் கொண்டிருந்தவர். தாரா சிங்கின் எடை 130 கிலோ, கிங் காங்கின் எடை 200 கிலோ என்பது விளம்பரக் கணக்கு. எடையில் இவ்வளவு வேறுபாடு உள்ள இருவரை மோதவிடும்போது கூட்டம் காத்திருந்தது எதற்காக என்று எண்ணிப் பார்த்தால் விடை எளிது: அந்த 200 கிலோ மனிதர் எப்போது விழுவார் என்பதற்காக. அவர் எளிதில் விழுந்துவிட்டால் ஆட்டம் கெட்டது. விழவே மறுத்தாலும் கெட்டது. எப்போது, எத்தனையாவது முயற்சியில், எவ்வளவு தள்ளாட்டத்துக்குப் பிறகு விழுவது என்ற கணக்கு அடி வாங்குபவரின் கையில் இருந்தது.

விழும் கலை

எஃகுச் சட்டம், அதன்மேல் மரப்பலகைகள், பலகைகளின்மேல் மெல்லிய நுரைவிரிப்பு, எல்லாவற்றையும் இழுத்து மூடிய கித்தான்: மல்யுத்த வளையத்தின் தரை இவ்வளவுதான். டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் வளையம் பக்கத்துக்கு 20 அடி நீளமுள்ளது. சிறிய நிறுவனங்களின் வளையங்கள் பெரும்பாலும் அதைவிடக் குறுகலானவை. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுவது, பின்மண்டை மோதாதிருக்கத் தாடையை மார்போடு ஒட்டி வைப்பது, இரு கைகளாலும் தரையை அறைந்து விசையைப் பரப்பிவிடுவது ஆகியவையே பயிற்சியில் முதலில் கற்றுத் தரப்படுகின்றன. பலகைகள் எழுப்பும் ஓசை பெரிதாக இருப்பதால் எல்லாம் ஓசைதான், வலி இல்லை என்று கருதிவிட வேண்டாம். விசை பரவுகிறதே தவிர மறைந்துபோவதில்லை. ஆண்டுக்கணக்கில் விழுந்தவர்களின் கழுத்தும் முதுகும் முழங்காலும் அறுவை சிகிச்சைக்குப் போவது இந்தத் தொழிலில் வழக்கமான செய்தி. (வீட்டில் பிள்ளைகள் சோபாவிலிருந்து குதித்துப் பார்ப்பதைத் தடுக்க இந்த ஒரு தகவல் போதவில்லை என்றால், கீழ்த்தளத்து அண்டைவீட்டார் மீதியைப் பார்த்துக்கொள்வார்.)

குத்து விடும்போது அடிப்பவர் தரையைக் காலால் ஓங்கி மிதிப்பதையும், உதைக்கும்போது தன் தொடையைத் தானே தட்டி ஓசை எழுப்புவதையும் முன்வரிசைகளில் அமர்ந்தால் எவரும் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த கையோடு அதை விட்டுவிட்டு, அடி வாங்கியவரிடம் பார்வையைத் திருப்புங்கள். குத்து தாடையில் பட்டதென்றால் தலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்புகிறதா? கால்கள் ஒரு கணம் தளர்கின்றனவா? அடுத்த குத்துக்குத் தன் முகத்தைத் தானே நீட்டிக் காத்திருக்கிறாரா, அல்லது தன்னைக் காத்துக்கொள்ளக் கைகளை உயர்த்துகிறாரா? கைகளை உயர்த்துபவர் தேர்ந்த ஆட்டக்காரர். அடி வாங்க விரும்பாதவராகத் தோன்றுவதுதான் அடி வாங்குவதில் பாதி.

எல்லா அடியும் ஓசை மட்டும்தான் என்றும் இல்லை. திறந்த உள்ளங்கையால் வெற்று மார்பில் அறையும் 'சாப்' அடி உண்மையாகவே படுவது. 2022 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் குந்தரும் ஷேமஸும் மோதிய ஆட்டத்தில் வித்தைகள் குறைவு; பெரும்பகுதி இருவரும் எதிரெதிரே நின்று அறைந்துகொண்டதுதான். வெளிறிய தோலுடைய ஷேமஸின் மார்பு சிவந்து கன்றிப்போவதைக் கடைசி வரிசை வரைக்கும் காண முடிந்தது. அவர் தோற்றார், தோற்றவருக்காக அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாய்ச்சலும் சுழற்சியும் இல்லாமல் ஓர் ஆட்டம் எப்படிச் சிறக்கும் என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அடி வாங்குவதை மிகையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2005ஆம் ஆண்டு டபிள்யூடபிள்யூஇயின் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஹல்க் ஹோகனுடன் மோதிய ஷான் மைக்கேல்ஸ், அவருடைய ஒவ்வொரு அடிக்கும் வளையத்தின் குறுக்கே தூக்கியெறியப்பட்டவரைப் போலப் புரண்டு விழுந்தார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த வேடிக்கையில் ஹோகனின் பலம் பகடியாகிவிட்டது. அடி வாங்குபவர் நினைத்தால் அடிப்பவரை உயர்த்தவும் முடியும், கேலிப்பொருள் ஆக்கவும் முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் வேறில்லை.

காயத்தை மறவாதவர்

நல்ல ஆட்டங்கள் பலவற்றில் ஒருவர் மற்றவரின் உடலில் ஏதேனும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுத்து அதையே தாக்குவார். 2015 ஆகஸ்டில் நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் சாஷா பேங்க்ஸும் பெய்லியும் ஆடிய ஆட்டத்தில், காயத்திலிருந்து மீண்டு வந்திருந்த பெய்லி கையில் காயத்துக்கான பாதுகாப்புக் காப்பு அணிந்திருந்தார். சாஷா அந்தக் காப்பைக் கழற்றியெறிந்துவிட்டு, அந்தக் கையையே மிதித்தார். அதற்குப் பிறகு பெய்லியின் கை அவர் அறிந்தும் அறியாமலும் உடலோடு ஒட்டிக்கொள்வதையும், பிடி போட முயலும்போதெல்லாம் பார்ப்பவர் மனத்தில் ஓர் அச்சம் எழுவதையும் கவனியுங்கள். கொடுமைக்காரியாகச் சாஷா எதையும் வாயால் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு காப்பைக் கழற்றியது போதுமானதாக இருந்தது.

இதற்கு நேர்மாறானதைத்தான் வாரந்தோறும் காண்கிறோம். பத்து நிமிடங்கள் முழங்காலை முறுக்கி நொறுக்கிய பின்பு, அதே முழங்காலோடு ஓடி, கயிற்றின் மேல் துள்ளியேறி, ஒரு குட்டிக்கரணமும் அடித்துவிட்டு, வெற்றி பெற்றதும் நினைவு வந்தவராக நொண்டிக் காட்டுவார் ஒருவர். வித்தை எவ்வளவு அழகானதாக இருந்தாலும், முன்பு நடந்ததைப் பொய்யாக்கும் வித்தை ஆட்டத்தைக் குறைக்கிறது என்பது என் கருத்து. ரசிகர்களில் பாதிப் பேர் இதை ஏற்கமாட்டார்கள். காயம்பட்ட காலோடும் அவர் துள்ளலாம். துள்ளி இறங்கியதும் கால் மடங்கி, அதனால் எதிராளியை அமுக்கத் தாமதமாகி, அந்தத் தாமதத்தால் எதிராளி தப்பிவிட்டால், அதே வித்தை ஆட்டத்தின் உச்சமாகிவிடும்.

ஏறி இறங்கும் கட்டங்கள்

பெரும்பாலான ஆட்டங்கள் ஓர் ஒழுங்கில் செல்கின்றன. தொடக்கத்தில் நாயகன் கை ஓங்குகிறது; வில்லன் ஏதோ ஒரு குறுக்குவழியால் ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்புகிறான்; நாயகன் நெடுநேரம் அடி வாங்குகிறான்; இடையிடையே எழ முயன்று மீண்டும் வீழ்த்தப்படுகிறான்; இறுதியில் சீறி எழுகிறான். மூன்றாம் கட்டமான அந்த நெடிய அடிவாங்கலில்தான் புதியவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டாம். பின்னால் வரும் எழுச்சிக்குக் கூட்டம் எவ்வளவு சத்தமாகக் கத்தும் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

இதைக் கற்றுக்கொள்ள இருவர் அணி ஆட்டமே சிறந்த இடம். நாயகர்களில் ஒருவரை வில்லன்கள் தங்கள் மூலையில் அடைத்துவைத்து மாறி மாறித் தாக்குவார்கள். எதிர்மூலையில் அவருடைய கூட்டாளி கயிற்றைப் பிடித்தபடி கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அடிபட்டவர் தவழ்ந்து, விரல்நுனி தொடும் தொலைவுக்கு வரும்போது காலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். அடுத்த முறை கை உண்மையிலேயே தொட்டுவிடும்; ஆனால் நடுவர் அந்நேரம் மற்ற வில்லனோடு வாதாடிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை, எனவே செல்லாது என்பார். மூன்றாம் முறை தொடும்போது அரங்கம் அதிரும். மிகப் பழைய உத்தி, இன்றும் தோற்பதில்லை.

நடுவரைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் காதில் சிறிய ஒலிக்கருவி இருக்கும். நேரம் எவ்வளவு மீதமிருக்கிறது என்ற செய்தியை ஆடுபவர்களிடம் சேர்ப்பவர் அவர்தான். கயிற்றைப் பிடித்தவரை விடுவிக்க ஐந்து எண்ணுவார். வளையத்துக்கு வெளியே விழுந்தவருக்கு அமெரிக்காவில் பத்து வரைக்கும், நியூ ஜப்பான் நிறுவனத்தில் இருபது வரைக்கும் எண்ணுவார். ஜப்பானிய ஆட்டங்களில் வெளியே நிகழும் தாக்குதல்கள் நிதானமாக நடப்பதற்கு இந்த எண்ணிக்கையும் ஒரு காரணம். நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்தினால், பெரும்பாலும் யாருக்கோ உண்மையாகவே காயம் ஏற்பட்டுவிட்டது என்று பொருள்.

இரண்டே முக்கால்

இரு தோள்களும் தரையில் பட நடுவர் மூன்று எண்ணினால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது எண்ணிக்கைக்குக் கை இறங்கும் கணத்தில் தோளை உயர்த்தித் தப்புவதுதான் இந்தக் கலையின் மிக மலிவான ஆயுதம். மிகக் கூர்மையான ஆயுதமும் அதுதான். ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தை முடிக்கும் முத்திரை அடி ஒன்று உண்டு. அதிலிருந்து யார் தப்பினார், எத்தனை முறை தப்பினார், தப்பியதும் அடித்தவரின் முகம் எப்படி மாறியது என்பவற்றைக் கணக்கில் வையுங்கள்.

2009 ஏப்ரல் 5ஆம் தேதி ஹியூஸ்டன் நகரில் நடந்த, டபிள்யூடபிள்யூஇயின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 25ஆவது பதிப்பில் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் ஏறக்குறைய அரைமணி நேரம் மோதினார்கள். ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கர் அதுவரை தோற்றதே இல்லை. தலைகீழாகப் பிடித்து மண்டையைத் தரையில் இறக்கும் 'டூம்ஸ்டோன்' அவருடைய முத்திரை அடி. அதை வாங்கினால் ஆட்டம் முடிந்தது என்றே ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் பழகியிருந்தார்கள். அதை வாங்கிய மைக்கேல்ஸ் மூன்றாவது எண்ணிக்கைக்கு முன் தோளை உயர்த்தினார். அந்த நொடியில் மைக்கேல்ஸைப் பார்ப்பதோடு அண்டர்டேக்கரின் கண்களையும் பாருங்கள். உணர்ச்சியே காட்டாத பிணம்போன்ற ஒரு பாத்திரத்தைப் பல்லாண்டுகளாக நடித்துவந்த மனிதர், விழிகள் பிதுங்க வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரும் அங்கே அடி வாங்குபவர்தான்; உடலில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

முத்திரை அடியிலிருந்து தப்புவது அரிதாக நிகழ்ந்தால் மட்டுமே இந்த மதிப்பு. இப்போதெல்லாம் ஒரே ஆட்டத்தில் நான்கு, ஐந்து முறை தப்பிவிடுகிறார்கள். ஆறாவது அடியில் ஏன் தப்பவில்லை என்பதற்கு நேரம் முடிந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் தென்படுவதில்லை. ஓர் ஆட்டம் முடிந்தவுடன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி அடி ஏன் கடைசி அடியானது? இதற்கு ஆட்டத்துக்குள்ளிருந்தே விடை கிடைத்தால் அது நன்றாகக் கட்டப்பட்ட ஆட்டம்.

1987 மார்ச் 29ஆம் தேதி மூன்றாவது ரெஸில்மேனியாவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடிய ஆட்டத்தில் விடை கண்கூடாகவே இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் வளையத்தின் மணியை எடுத்துச் சாவேஜ் ஸ்டீம்போட்டின் குரல்வளையைத் தாக்கியிருந்தார். கால்மணி நேரத்துக்கும் குறைவான இந்த ஆட்டத்தில் மயிரிழையில் தப்பும் தருணங்கள் ஏராளம். அவை அனைத்தையும் சாவேஜ் முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்தார் என்பது ரசிகர்கள் நன்கறிந்த செய்தி. முடிவில் அதே மணியோடு மூலைக் கம்பத்தில் ஏறிய சாவேஜ், ஸ்டீம்போட்டின் பக்கம் நின்ற ஜார்ஜ் ஸ்டீல் தள்ளிவிட்டதால் கீழே விழுகிறார். எழுந்து வந்து தூக்க முனையும்போது ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடித்துவிடுகிறார். அன்றைய முதன்மை ஆட்டம் ஹோகனுக்கும் ஆந்த்ரே என்ற அசுர உடலருக்கும் நடந்தது. ஆட்டமாகப் பார்த்தால் அது மெதுவானது. ஆந்த்ரேயின் உடல்நிலை அப்போது மிகவும் மோசம். இருந்தும் ஹோகன் அவரைத் தூக்கி இறக்கிய அந்த ஒரு நொடி இன்றும் நிற்பதற்குக் காரணம், தூக்கப்படச் சம்மதித்த ஆந்த்ரே.

கூட்டத்தின் பங்கு

தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கூட்டத்தின் சத்தத்தைப் பின்னணி ஓசையாக எண்ணிவிடுகிறார்கள். ஆடுபவர்கள் அப்படி எண்ணுவதில்லை. 2002 மார்ச்சில் டொரண்டோ நகரில் தி ராக் நாயகனாகவும் ஹோகன் வில்லனாகவும் வளையத்துக்கு வந்தார்கள். கூட்டமோ தன் சிறுவயது நாயகனான ஹோகனுக்காக ஆர்ப்பரித்தது. ராக்கைக் கேலி செய்து கூச்சலிட்டது. இருவரும் திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஹோகன் தன் பழைய முத்திரைச் சைகைகளுக்குத் திரும்பினார். ராக் சற்றே முரட்டுத்தனமாக ஆடத் தொடங்கினார். வித்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த ஆட்டத்தில் பெரிதாக எதுவும் இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டு ஐந்து நிமிடங்கள் பாருங்கள். பிறகு சத்தத்தோடு அதே ஐந்து நிமிடங்களைப் பாருங்கள். நடந்தது என்ன என்பது அப்போது விளங்கும்.

ஆனால் கூட்டத்தின் மனத்தை மாற்றுவதில் எல்லாவற்றையும் விஞ்சியது 1997 மார்ச் 23ஆம் தேதி சிக்காகோவுக்கு அருகே நடந்த பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின் ஆட்டம். தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தால்தான் வெற்றி என்பது விதி. பிரெட் ஹார்ட் நீண்டகால நாயகன். ஆஸ்டின் வாய்த்துடுக்கு மிக்க வில்லன். ஆட்டத்தின் இறுதியில் ஹார்ட் தன் 'ஷார்ப்ஷூட்டர்' பிடியில் ஆஸ்டினின் கால்களை மடக்கி அமர்ந்துவிடுகிறார். நெற்றியிலிருந்து வழிந்த குருதி ஆஸ்டினின் முகத்தை மூடிப் பற்களுக்கிடையே இறங்குகிறது. சிறப்பு நடுவரான கென் ஷாம்ராக் குனிந்து, ஒப்புக்கொள்கிறாயா என்று மீண்டும் மீண்டும் கேட்கிறார். ஆஸ்டின் தரையில் கையூன்றி உடலை உயர்த்துகிறார், பிடி தளர்கிறது, ஒரு கணம் விடுபட்டுவிடுவார் போலிருக்கிறது, மீண்டும் அமுக்கப்படுகிறார். கடைசிவரை அவர் வாயிலிருந்து ஒப்புதல் வரவில்லை. மயங்கிவிட்டார் என்று நடுவர்தான் ஆட்டத்தை முடிக்கிறார். அதன் பின்னும் ஹார்ட் அவரைத் தாக்க, கூட்டம் ஹார்ட்டை இகழ்ந்து கூச்சலிடுகிறது. உதவிக்கு வந்தவர்களை உதறிவிட்டு ஆஸ்டின் தானே தள்ளாடி நடந்து போகிறார். வில்லனாக வந்தவர் நாயகனாகத் திரும்பினார், நாயகனாக வந்தவர் வில்லனாகத் திரும்பினார். இதற்காக ஆஸ்டின் செய்ததெல்லாம் அடி வாங்கியதுதான்.

நம் ஊரில் பார்ப்பதற்கு

அமெரிக்காவின் பெரிய நிகழ்ச்சிகள் அங்கே மாலையில் நடப்பதால் நமக்குக் காலையில் வந்து சேரும். 2020 முதல் இரண்டு நாள் நிகழ்ச்சியாகிவிட்ட ரெஸில்மேனியா, அங்கே சனி, ஞாயிறு மாலை என்றால் இங்கே ஞாயிறு, திங்கள் காலை. ஞாயிற்றுக்கிழமை சிக்கல் இல்லை. திங்கட்கிழமை அலுவலகம் போகிறவர்கள் மாலை வரை முடிவு தெரியாமல் தப்பிப்பது கடினம். கைப்பேசியில் சமூக ஊடக அறிவிப்புகளை முடக்கிவிட்டு எம்ஆர்டியில் ஏறுவதே உத்தமம். ஜப்பானைப் பொறுத்தவரை இந்தத் தொல்லை இல்லை. அந்நாடு நம்மைவிட ஒரு மணி நேரமே முன்னால் இருப்பதால், ஜனவரி 4ஆம் தேதி தோக்கியோ டோமில் நடக்கும் நியூ ஜப்பானின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியை நடக்கும்போதே பார்த்துவிடலாம்.

நேரில் பார்ப்பது வேறு அனுபவம். 2017இலும் 2019இலும் டபிள்யூடபிள்யூஇ காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்விளையாட்டரங்குக்கு வந்தபோது நடந்தவை போன்ற, தொலைக்காட்சிக்காக அல்லாத நிகழ்ச்சிகளில் பட்டங்கள் கைமாறுவது அரிது. அதனால் அவற்றைத் தாழ்வாக எண்ணுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ள அவைதான் ஏற்றவை. விளம்பர இடைவேளைக்காக ஆட்டத்தை வளைக்க வேண்டியதில்லை என்பதால், வில்லன்கள் கூட்டத்தோடு வாக்குவாதம் செய்யவும், ஒரே பிடியை வைத்து ஐந்து நிமிடங்கள் விளையாடவும் நேரம் இருக்கிறது. தொலைக்காட்சிக்கான நிகழ்ச்சியாக இருந்தால் முதன்மைக் கேமரா இருக்கும் பக்கத்தில் இருக்கை தேடுங்கள். முகங்கள் அந்தப் பக்கமே திரும்பும். எதிர்ப்பக்கத்தில் அமர்ந்தால் ஆட்டம் முழுவதும் முதுகுகளைப் பார்க்க நேரிடும்.

2012இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் ப்ரோ ரெஸ்லிங் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் நிகழ்ச்சிகளைத் தவறவிட வேண்டாம். கூட்டம் சிறியது, வளையம் அருகில் இருப்பது. முதல் வரிசையைவிட இரண்டாம், மூன்றாம் வரிசைகள் நல்லவை. முதல் வரிசையில் அமர்பவர்கள் மேல் ஆட்டக்காரர் வந்து விழக்கூடும், எழுந்து விலகுமாறு ஊழியர் சொன்னால் பையைத் தேடாமல் விலகிவிட வேண்டும். இவ்வளவு அருகில், தொலைக்காட்சியில் கேட்காத பல கேட்கும்: விழுந்தவரின் மூச்சு ஒரேயடியாக வெளியேறும் ஓசை, பலகைகளின் முனகல், பிடிக்குள் இருக்கும்போது இருவரும் அடுத்த அசைவைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வது. கடைசியில் சொன்னதைக் கேட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு அறிவிக்க வேண்டாம். நம்மவர்களுக்குப் பொது இடத்தில் கூச்சலிடக் கூச்சம் அதிகம். வில்லன் நேராக உங்களைப் பார்த்து ஏதாவது சொன்னால் சிரித்து மழுப்பாமல் தமிழிலேயே திருப்பிச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அதுதான், மொழி புரிய வேண்டிய அவசியம் இல்லை.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது. சாவேஜ், ஸ்டீம்போட் ஆட்டத்தில் தொடங்குங்கள். குறுகியது, முன்கதை எளியது. அடுத்து குந்தர், ஷேமஸ். பிறகு சாஷா, பெய்லி. அதன்பின் ஹார்ட், ஆஸ்டின் ஆட்டத்தை ஒரே வாரத்தில் இருமுறை பாருங்கள். இரண்டாம் முறை ஆஸ்டினை மட்டும். அண்டர்டேக்கர், மைக்கேல்ஸ் ஆட்டத்துக்கு முன் அண்டர்டேக்கரின் பழைய வெற்றிகளில் இரண்டு மூன்றையாவது பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த 'டூம்ஸ்டோன்' தருணத்தின் கனம் தெரியாது.

2017 ஜனவரி 4ஆம் தேதி தோக்கியோ டோமில் கசுச்சிக்கா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் ஆடிய ஆட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நட்சத்திரங்களையே உச்சமாக வைத்து மதிப்பிட்டுவந்த விமர்சகர் டேவ் மெல்ட்ஸர் அதற்கு ஆறு நட்சத்திரங்கள் கொடுத்தார் என்பதால் பலர் அதிலிருந்தே தொடங்கி, முதல் கால்மணி நேரத்திலேயே சலித்துப்போகிறார்கள். அதன் நீளம் 46 நிமிடங்கள் 45 விநாடிகள். தொடக்கம் மெதுவாகத்தான் நகரும், ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். ஒகாடாவின் முத்திரை அடியான 'ரெய்ன்மேக்கர்' விழும்போதெல்லாம் ஒமேகா முன்பைவிட எவ்வளவு தாமதமாக எழுகிறார் என்பதைப் பாருங்கள். ஒமேகாவின் சொந்த முத்திரை அடியான 'ஒன் விங்டு ஏஞ்சல்' அன்று ஒருமுறைகூட ஒகாடாவின் மேல் விழவில்லை. அது விழாமல் போன கடனை அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் மேலும் மூன்று ஆட்டங்களில் அவர்கள் தீர்த்தார்கள்; அவற்றையும் தேதி வரிசையிலேயே பார்க்க வேண்டும்.